அறிபவர் சிலர், காப்பவர் பலர்: பாலியல் வணிகத்துக்கு இரையாக்கப்பட்ட பிள்ளைகளும் அக்கராயனின் காப்புப் பணிகளும்

பணத்துக்கோ பொருளுக்கோ பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு அவள் வாழும் ஊரிலேயே என்ன உதவி கிடைக்கிறது என்ற கேள்வியை இலங்கையில் பெரும்பாலும் கொழும்பில் இருந்துகொண்டே கேட்கிறோம். இக்கட்டுரை அதனை அக்கராயனில் வைத்துக் கேட்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவில், குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் இந்த ஊரில் ஒரு பொலிஸ் நிலையம் உண்டு. பிரதேச வைத்தியசாலை உண்டு. மகா வித்தியாலயம் உண்டு. நீதிமன்றமும் மாவட்டப் பொது வைத்தியசாலையும் கச்சேரியும் கிளிநொச்சி நகரில் இருக்கின்றன. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாருடைய மோட்டார் சைக்கிள் யார் வீட்டுப் படலையில் நின்றது என்பது பொழுதுபடுமுன் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். பிள்ளையைக் காக்க வேண்டிய அந்த அயலறிவே, தீங்கு நடந்தபின் அவளை அங்கு வாழவிடாத அறிவாக மாறுகிறது. நமது காப்புத் திட்டங்கள் இந்த முரணைக் கணக்கில் எடுக்காமல் வகுக்கப்பட்டவை. எடுத்திருந்தால் அவற்றின் வடிவமே வேறாக இருந்திருக்கும் என்பது என் வாதம்.

இத்திட்டங்களின் பிறப்பிடம் அக்கராயன் அடங்கும் வன்னி அல்ல, தென்மேற்குக் கரை. நீர்கொழும்பு தொடக்கம் ஹிக்கடுவை வரையான உல்லாசக் கடற்கரைகளில் வெளிநாட்டவர்களால் சிறுவர்கள், அதிலும் ஆண்பிள்ளைகள், சுரண்டப்பட்டமை 1980களிலும் 1990களிலும் பெருஞ்செய்தியாயிற்று. மொறீன் செனவிரத்ன 1991இல் தொடங்கிய 'பீஸ்' அமைப்பு அதனை உலக அரங்குக்குக் கொண்டு சென்றது. சிறுவர் மீதான பாலியல் வணிகச் சுரண்டலுக்கு எதிராக 1996இல் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக மாநாட்டில் இலங்கைக் கடற்கரைகளின் பெயர் அறியப்படாததாக இருக்கவில்லை. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா தலைமை தாங்கிய சனாதிபதி செயலணியின் பரிந்துரையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவாயிற்று. 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் இன்று பாடசாலைச் சுவர்களில் எழுதப்பட்டிருப்பது அந்த வரலாற்றின் நற்பேறு. ஆனால் அந்த வரலாறு ஒரு படிமத்தையும் விட்டுச் சென்றது: குற்றவாளி அந்நியன், இடம் விடுதி, நடுவில் ஒரு தரகன். அக்கராயனில் கடற்கரை இல்லை, உல்லாசப் பயணி இல்லை. ஆகவே இங்கு இப்படி ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது எளிதாகிவிட்டது.

சட்டம் அந்தப் படிமத்தைவிட அகலமானது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 360ஆ பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் பிள்ளை என்று கொள்கிறது. பிள்ளைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவனும், அதற்கென இடம் கொடுப்பவனும், உறவையோ செல்வாக்கையோ பயன்படுத்திப் பிள்ளையை வசப்படுத்துபவனும், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பணம், பொருள் அல்லது வேறேதேனும் நன்மை கொடுப்பவனும் அதன்கீழ் குற்றவாளிகளே. தண்டனை ஐந்து ஆண்டுக்குக் குறையாத, இருபது ஆண்டுக்கு மேற்படாத சிறை. 'வேறேதேனும் நன்மை' என்பதற்குள் கைத்தொலைபேசி வரும், அதற்குப் போடும் ரீலோட் வரும், தாயின் கடன் தவணை வரும், வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன சொல்லும் வரும். கிராமத்தில் இவை அப்படிப் பதியப்படுவதில்லை. 'காதல் பிரச்சினை' என்று ஒரு கோப்பு, 'வீட்டைவிட்டு ஓடியது' என்று ஒன்று, 'இளவயதுத் திருமணம்' என்று இன்னொன்று. கைமாறிய காசைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையென்றால் வணிகம் இல்லாமற் போகிறது. வணிகம் இல்லையென்றால் அதற்குப் பின்னால் நின்ற இரண்டாவது, மூன்றாவது ஆட்களும் இல்லாமற் போகிறார்கள். பிள்ளை மட்டும் எஞ்சுகிறாள், நடத்தை கெட்டவளாக.

புள்ளிவிவரத்திலும் இதே மறைவு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுச் சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, நாட்டில் 43,714 பிள்ளைகள் சிறுவர் தொழிலில் இருப்பதாகக் கணித்தது. வீடு வீடாகச் சென்று வீட்டாரிடம் வினவும் ஆய்வு அது. வீட்டார் அறியாததையும், அறிந்தும் சொல்லாததையும் அம்முறையால் எண்ண முடியாது. ஆகவே ஓர் ஊரில் எண்ணிக்கை பூச்சியம் என்றால், அங்கே கேட்கும் வழி இல்லை என்றே நான் பொருள் கொள்வேன்.

வன்னியில் இச்சுரண்டலின் வாசல் எது என்று தேடினால் கடன்தான் முதலில் தெரிகிறது. அக்கராயன் பலமுறை கலைந்து கூடிய ஊர். 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோது இடம்பெயர்ந்த சனம் அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் வந்து தங்கியது. 2008இல் அக்கராயனே இடம்பெயர்ந்தது. முள்ளிவாய்க்காலின் இறுதிப் போரையும் மெனிக் பாம் முகாமையும் கடந்து திரும்பியவர்களுள் கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுபவர்கள் பலர். வீடு கட்டவும் விதைக்கவும் நுண்கடன் வந்தது. கடனின் சுமை எவ்வளவு என்றால், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி எஞ்சியதையும் கரைத்தது. தாய் மத்திய கிழக்குக்குப் போக, பிள்ளை அம்மம்மாவிடமோ சித்தியிடமோ விடப்படுகிறாள். கடனைச் சொல்வதால் குடும்பங்களைக் குற்றஞ்சாட்டுவதாகக் கொள்ளக்கூடாது. வாங்குபவன் இல்லாமல் எந்தக் கடனும் பிள்ளையை விற்பனைக்குக் கொண்டுவராது. ஆனால் குடும்பத்தின் கடனைத் தொடாமல் பிள்ளைக்கு உளவளத்துணை மட்டும் தரும் திட்டம், அவளை அதே வாசலில் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இனி ஒரு பிள்ளையின் வழியைப் பார்ப்போம். வகுப்பாசிரியை சந்தேகப்படுகிறார், அதிபருக்குச் சொல்கிறார். கிராம அலுவலர் அறிகிறார். அக்கராயன் பொலிசில் வாக்குமூலம். கிளிநொச்சியில் சட்டவைத்திய அதிகாரியின் பரிசோதனை. நீதவான் முன் ஆஜர்படுத்தல். மாகாணத் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை. இவற்றுக்கு இணையாகப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், அதிகாரசபையின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர். ஒவ்வொருவரும் தத்தம் படிவத்தை நிரப்ப வேண்டியவர். ஒவ்வொரு படிவத்துக்கும் கதை முதலிலிருந்து சொல்லப்பட வேண்டும். நன்னடத்தைப் பணி 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணத்துக்குப் போனது, ஏனையோர் மத்திய அரசின்கீழ் நின்றனர். இந்தப் பிளவு அரசியலமைப்பு அறிஞருக்கு அதிகாரப்பகிர்வு பற்றிய விடயம். பிள்ளைக்கு அது ஒரே சொல்லமுடியாததை இன்னும் இரண்டு மேசைகளில் சொல்வது. வாக்குமூலத்தின் மொழியும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் பொலிஸ் நிலையத்திலும் தமிழில் முறைப்பாடு செய்ய வழியிருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இலேயே பரிந்துரைத்தது. தான் சொன்னது எப்படி எழுதப்பட்டது என்று வாசித்துப் பார்க்க முடியாத ஒரு பிள்ளையிடம், பின்னர் நீதிமன்றில் 'அன்று வேறு விதமாகச் சொன்னாயே' என்று கேட்பது நீதியாகாது.

இத்தனை உத்தியோகத்தரும் கூடும் இடம் பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழு. அதன்கீழ் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழுக்கள். அவற்றை நான் மதிக்கிறேன். பாடசாலை இடைவிலகலைக் கண்டுபிடிக்கவும், மதுசாரம் விற்கும் வளவைச் சுட்டவும், தனித்துவிடப்பட்ட பிள்ளைகளைப் பட்டியலிடவும் அவற்றைவிடப் பொருத்தமான அமைப்பில்லை. ஆனால் கண்காணிப்பதற்கு அமைந்த அதே மேசையில் ஒரு பிள்ளையின் விடயம் எடுக்கப்படும்போது, பெயர் சொல்லாமல் 'இன்ன பாடசாலை, இன்ன வகுப்பு' என்றாலே போதும், அக்கராயனில் அது பெயர்தான். குழுவில் இருப்பவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருக்கு அந்தப் பிள்ளையின் மாமனைத் தெரியும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வயலில் அவருக்குக் குத்தகை இருக்கக்கூடும். ஆகவே இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும். கண்காணிப்பில் எத்தனை பேரும் இருக்கலாம். விடயத்தை அறிபவர் மூவரைத் தாண்டக்கூடாது: நன்னடத்தை உத்தியோகத்தர், ஒரு வைத்தியர் அல்லது தாதி, பிள்ளையே தெரிந்தெடுக்கும் ஒரு பெரியவர். மற்றெல்லாரும் இம்மூவரிடமிருந்து தமக்கு வேண்டிய துண்டை மட்டும் எழுத்தில் பெறட்டும்.

இவ்விடத்தில் நான் பெரிதும் மதிக்கும் ஒரு சிந்தனையோடு முரண்பட வேண்டியிருக்கிறது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வட இலங்கையின் கூட்டு மனவடு பற்றி 2007இல் எழுதிய ஆய்வு, போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூக இழையையும் அறுத்தது என்றும், ஆற்றுப்படுத்தலும் சமூக மட்டத்தில் நிகழ வேண்டும் என்றும் காட்டிற்று. ஷெல்லடியும் இடப்பெயர்வும் தந்த வடுவுக்கு அது மெய். அங்கே தீங்கு வெளியிலிருந்து வந்தது, அயல் ஒன்றாய் அழுதது. பாலியல் வணிகத்தின் தீங்கோ அயலுக்குள்ளிருந்து வருகிறது. வாங்கியவன் கோயில் நிருவாகத்தில் இருக்கலாம், உழவு இயந்திரச் சொந்தக்காரனாக இருக்கலாம். பிள்ளையை ஆற்றும்படி அந்த அயலிடமே ஒப்படைப்பது, காயப்படுத்தியவர்களின் கையிலும் மருந்தைக் கொடுப்பதாகும். சமூகத்துக்கு இங்கே ஒரு பங்கு உண்டு. ஆனால் அது வாங்குபவனைக் கண்டிப்பதில்தான், பிள்ளையைக் குணப்படுத்துவதில் அல்ல.

எதிர்வாதம் வலுவானது, அதனைத் தட்டிக்கழிக்க முடியாது. அறிபவரைக் குறைத்தால் மூடிமறைப்பு வளராதா? ஊர்ப் பெரியவர்கள் கூடி, காசு கொடுத்து, அல்லது கட்டிவைத்துப் பிரச்சினையை முடிப்பதற்கும் இதே 'பிள்ளையின் மானம்' தானே சாட்டு? ஆம், அதே சாட்டு. வேறுபாடு நீதவானிடம் இருக்கிறது. மூவருக்கு மட்டும் தெரிந்த விடயம் நீதிமன்றில் கட்டாயம் பதியப்பட்டிருந்தால் அது பிள்ளையின் அந்தரங்கம். பதியப்படாவிட்டால் அது குற்றவாளியின் காப்பு. 1999இன் சாட்சியச் சட்டத் திருத்தம் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக ஏற்க இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதனிடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் தொலைவிலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிக்க வழி திறந்துள்ளன. அந்தரங்கமும் நீதியும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தைச் சட்டம் கைவிட்டு நெடுநாளாயிற்று. நடைமுறைதான் பின்தங்கி நிற்கிறது.

சட்டத்தின் பழைய பகுதி ஒன்று இன்னும் பிள்ளைக்கு எதிராக நிற்கிறது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின்கீழ், வணிகத்தில் ஈடுபடுத்தப்பட்டவரையே பிடித்து நிறுத்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 2008இலும் மின்னசோட்டா 2011இலும், பாலியல் வணிகத்துக்கு உட்படுத்தப்பட்ட சிறாரைக் குற்றவாளிகளாக அல்லாமல் உதவிக்குரியோராக நடத்தும் சட்டங்களை இயற்றின. மின்னசோட்டாவின் ஏற்பாட்டில் பிள்ளை எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டினாலும் அங்கிருந்தே உதவி தொடங்க வேண்டும். கிளிநொச்சிக்கு அந்நாட்டின் பணம் வேண்டியதில்லை. அந்த விதி வேண்டும்.

பிள்ளையை எங்கே வைப்பது என்பதில் நமது பழக்கம் ஒன்றே: சிறுவர் இல்லம். வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தால் வேறு வழியில்லைத்தான். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணையில் வந்து தன் வயலைப் பார்க்க, பிள்ளை பாடசாலையையும் தோழிகளையும் சகோதரங்களையும் விட்டு வேறு மாவட்டத்தில் அடைபடும்போது, சிறைப்பட்டவர் யார் என்பதில் அவளுக்கு ஐயம் இராது. கருவுற்றவள் என்றால் நிலைமை இன்னும் கடினம்: தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பைத் தண்டனைச் சட்டக்கோவை அனுமதிப்பதில்லை. பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்ற 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இவளுக்கும் உரியது. ஆனாலும் மகப்பேற்றுக்குப்பின் பாடசாலைக்குத் திரும்புவது அதிபரின் தயவில் தொங்குகிறது. நீதவான் பிணை நிபந்தனையாகச் சந்தேகநபரையே பிரதேசத்தை விட்டு விலகியிருக்கும்படி கட்டளையிடுவதை வழமையாக்கினால், பல பிள்ளைகளை ஊரிலேயே, நம்பகமான உறவினர் வீட்டில் வைத்திருக்க முடியும்.

வழக்கின் நீளம் இத்தனைக்கும் அடியில் கிடக்கிறது. தமிழகத்தில் கடலூர் மாவட்டத்தில் 2014இல் பள்ளிச் சிறுமியர் இருவர் பாலியல் வணிகத்தில் தள்ளப்பட்ட வழக்கில், 16 பேருக்கு மகளிர் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2019 ஜனவரியில்தான். சென்னையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் 2022 செப்ரெம்பரில் 21 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் உறவினரும் ஒரு பொலிஸ் பரிசோதகரும் இருந்தனர். ஒரு பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. வாங்கியவர்களையும் விட்டுவைக்காமல் தேடிப்போனால் வழக்கு முடியலாம் என்பதையும் காட்டுகின்றன. ஆனால் அத்தனை பேருக்கு எதிராகவும் ஆண்டுக்கணக்கில் நின்றவர் அந்தப் பிள்ளைகள். கடலூர்த் தீர்ப்பு வந்தபோது அவர்கள் பள்ளிச் சிறுமியர் அல்லர்.

அக்கராயனின் பிள்ளைக்கும் பதினெட்டு வயது வரும். சிறுவருக்கான உதவி அன்றோடு நிற்கும், வழக்கு நிற்காது. கரைச்சியின் நன்னடத்தைக் கோப்பு அவளுடைய வயதைக் கொண்டல்லாமல், கடைசி மேன்முறையீடு முடியும் நாளைக் கொண்டு மூடப்பட வேண்டும். கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்து உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்கு மாறிப்போவது வன்னியில் எப்போதும் நடப்பது. அப்படி மாறும்போது கோப்பை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. புதியவரைப் பிள்ளையிடம் கூட்டிச்சென்று, அவள் சம்மதித்தபின், அவள் முன்னிலையிலேயே கோப்பைக் கையளிக்க வேண்டும். அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லையென்றால் திணைக்களம் வேறொருவரைத் தேட வேண்டும்.