ஏரோது பார்க்காத சுவர்

ஏரோது மன்னன் ஜெருசலேம் ஆலயத்தைப் புதிதாக எடுத்துக் கட்டத் தொடங்கியதைப் போன வாரம் பார்த்தோம். கி.மு. 20 வாக்கில் தொடங்கிய வேலை. மன்னனின் ஆசைக்குக் குன்றின் உச்சியில் இடம் போதவில்லை. நாலு பக்கமும் தாங்குசுவர் எழுப்பி, மேலே பரந்த தளம் அமைத்தார்கள். அந்த மேற்குச் சுவரில் ஒரு துண்டுதான் இன்று உலகெங்குமிருந்து யூதர்கள் வந்து நெற்றியை வைத்துத் தொழும் இடம்.

சுவரின் மொத்த நீளம் 488 மீட்டர். தொழுகைச் சதுக்கத்தில் தெரிவது 57 மீட்டர்தான். அடி வரிசைக் கற்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கல்லின் நாலு ஓரத்தையும் பட்டையாகச் செதுக்கித் தாழ்த்தி, நடுப்பகுதியை மேடாக விட்டிருக்கிறார்கள். சாந்து பூசவில்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிற்கிறது.

இந்தச் சுவரை ஏரோதே கட்டி முடித்தான் என்றுதான் வெகுகாலம் நம்பிவந்தார்கள். 2011இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சுவரின் தென்கோடியில் அடிக்கல்லுக்குக் கீழே, சடங்குக் குளியலுக்கான பழைய தொட்டி ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். சுவருக்காக அதைத் தூர்த்திருந்தார்கள். உள்ளே 17 வெண்கலக் காசுகள். அவற்றில் நான்கு, பிலாத்துவுக்கு முந்தைய ரோம ஆளுநர் வலேரியஸ் கிராட்டஸ் கி.பி. 17-18 வாக்கில் அச்சிட்டவை. ஏரோது இறந்ததோ கி.மு. 4இல்! அவன் கண்மூடி இருபது ஆண்டு கழிந்தும் அந்த மூலையில் அடித்தளம்கூட விழவில்லை.

அப்படியானால் வேலை எப்போது முடிந்தது? ஏரோதின் கொள்ளுப்பேரன் இரண்டாம் அக்ரிப்பா காலத்தில் ஆலயப் பணி நிறைவடைந்தபோது 18,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள் என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்த குடும்பங்கள் அவை. அதற்குப் பிறகு பத்தாண்டுகூட ஆகவில்லை. கி.பி. 70இல் டைட்டஸின் ரோமப் படை ஆலயத்தைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. மேலிருந்து தள்ளிய கற்கள் கீழே தெருவின் தளக்கற்களை நொறுக்கிக் கிடப்பதை, சுவரின் தென்கோடியில் இன்றும் காணலாம். மண்ணைத் தாங்க எழுப்பிய சுவர், ஆலயம் போன பிறகு ஆலயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

யூதர்களின் கிளர்ச்சியை ரோமர்கள் அடக்கிய கி.பி. 135க்குப் பிறகு யூதர்கள் நகருக்குள் நுழையவே தடை. பின்னாளில், ஆலயம் விழுந்த, யூத நாட்காட்டியின் ஆப் மாத ஒன்பதாம் நாளில் மட்டும் வந்து அழ அனுமதி கிடைத்தது. ஒட்டோமான் ஆட்சியில் சுவரடியில் ஒரு சந்துதான் அவர்களுக்கு. அகலம் சுமார் மூன்றரை மீட்டர். 1948 முதல் 1967 வரை, ஜோர்டான் ஆட்சியில், அதுவும் அவர்களுக்கு மூடப்பட்டது.

அந்தச் சந்தை ஒட்டி இருந்தது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் மக்ரிபி குடியிருப்பு. சலாவுதீனின் மகன் அல்-அஃப்தல் 1193இல் தர்மமாக எழுதிவைத்தது. அவர்களுக்கும் இது புனிதச் சுவர். நபிகள் தம் விண்ணக வாகனமான புராக்கைக் கட்டியது இங்கே என்பது அவர்கள் நம்பிக்கை. 1967 ஜூன் 10 இரவு, போர் ஓய்ந்த கையோடு, இஸ்ரேலின் புல்டோசர்கள் அங்கே புகுந்தன. இடிபட்டவை சுமார் 135 வீடுகள். வெளியேறக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். சுவருக்காகப் பத்தொன்பது ஆண்டு ஏங்கிய யூதர்களின் கண்ணீர் உண்மையானது. அதைச் சொல்கிற கையால் இந்த வீடுகளையும் எழுதியாக வேண்டும். அடுத்த சில நாட்களில், இடிபாடுகளை அள்ளிச் சமன்செய்த மண்ணில் நடந்து லட்சக்கணக்கான யூதர்கள் சுவரடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

(தொடரும்)