கதிர்ப்படம் கற்ற பெண்கள்

கதிர்ப்படவியல் இன்று பட்டப்படிப்பு. 1916-இல் பாரிசில் அது சில வாரப் பயிற்சி. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895-இல். இருபதாண்டுகள் கடந்தும், வீரனின் உடலுள் குண்டுச்சிதறல் எங்கே தைத்திருக்கிறதென்று அறுவை மருத்துவருக்குக் காட்டப் போர்முனையில் போதிய ஆளில்லை. ரேடியம் நிறுவனத்தில் மேரி கியூரி ஏறத்தாழ 150 பெண்களைப் பயிற்றுவித்தார். மின்னியல், உடற்கூற்றியல், கருவியைக் கையாளும் பழக்கம் ஆகியவை பாடங்கள்.

உடன் கற்பித்த மகள் ஐரீனுக்கு வயது பத்தொன்பது. போருக்கிடையே சோர்போனில் கணிதம், இயற்பியல், வேதியியல் தேர்வுகளையும் அவர் முடித்தார் என்பது (நம் தேர்வுக்காலப் புலம்பல்களை எண்ணினால்) வியப்பே. கதிரின் தீங்கு ஓரளவு தெரிந்திருந்தும் காப்பு மிகக் குறைவு. இன்றைய மாணவி பயிற்சிக்கூடத்தில் மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் போன்ற எதுவும் ஐரீனிடம் இல்லை. 1956-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 58.