ஒரே உறையில் இரண்டு கத்திகள்

ஒரே உறையில் இரண்டு கத்திகள் தங்கா என்பார்கள். கணிப்பொறிக்கும் இது பொருந்தும் என்றே முதலில் தோன்றும். நினைவகம், வட்டு, அச்சுப்பொறி ஆகிய அனைத்தையும் தன் பிடியில் வைத்திருப்பது இயக்க அமைப்பு. அத்தகைய இரண்டு எசமானர்கள் ஒரே பொறியில் அமர்ந்தால் என்ன ஆகும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்!

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். அறிவியல் மையத்தினர். ராபர்ட் கிரீசி தலைமையில் ஒரு சிறு குழு 1964இல் பணியைத் தொடங்கியது. சிஸ்டம் 360 வரிசைக் கணிப்பொறிகளில் இரண்டு நிலைகள் உண்டு. மேலாளர் நிலையில் எல்லா ஆணைகளும் செல்லும்; சாதாரண நிலையில் சலுகை பெற்ற ஆணைகள் செல்லா. மீறினால் பொறி உடனே வேலையை நிறுத்தி மேலாளரை அழைக்கும். இந்தத் தடையையே அவர்கள் கருவியாக்கினார்கள். இயக்க அமைப்புகளைச் சாதாரண நிலையில் இறக்கிவிட்டு, மேலே சி.பி. என்ற கட்டுப்பாட்டு நிரலை அமர்த்தினார்கள். கீழிருப்பவர் வட்டைத் தொட முயன்றால் தடை எழும், சி.பி. குறுக்கிட்டு, அந்த வேலையைத் தானே செய்து, விடையைக் கொடுத்துவிடும். மூடிய மின்தூக்கிக்குள் நிற்பவர் தம்மை அழுத்துவது புவியீர்ப்பா, முடுக்கமா என்று அறிய முடியாதல்லவா? கீழிருக்கும் அமைப்பின் நிலையும் அதுவே. தனக்கென ஒரு முழுப் பொறி இருப்பதாகவே அது நம்பியது!

நினைவகம்தான் கடினமான பகுதி. இரண்டு அமைப்புகளுமே முகவரி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எனவே முகவரிகளை மாற்றித் தரும் தனிக் கருவி ஒன்றை மாடல் 40 கணிப்பொறியில் பொருத்தினார்கள். 1967 ஜனவரியில் சி.பி.-40 அன்றாடப் பயனுக்கு வந்தது. ஒரே பொறி 14 மாயப் பொறிகளாகத் தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம்.

வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எம். பெரிதும் நம்பியிருந்தது டி.எஸ்.எஸ். என்ற வேறொரு திட்டத்தை. அது தாமதத்தில் சிக்கித் தள்ளாடியது. சிறு குழுவின் சி.பி.-67தான் பயனர்களிடையே பரவியது. இன்னும் தயாராகாத சிஸ்டம் 370 பொறியின் முகவரி மாற்ற வசதியைக்கூட அதன் மேல் மாயப் பொறியாக அமைத்து, புதிய நிரல்களைச் சோதித்தார்கள். 1972 ஆகஸ்டு 2ஆம் நாள் வி.எம்./370 அறிவிக்கப்பட்டது.

மேசைக் கணிப்பொறிக்கு இந்த வசதி எளிதில் கிட்டவில்லை. 1974இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர் இதற்கான நிபந்தனையை வகுத்தனர்: பொறியின் நிலையை மாற்றும் ஆணை ஒவ்வொன்றும் சாதாரண நிலையில் தடையை எழுப்ப வேண்டும். இன்டெல் சில்லுகளில் சில ஆணைகள் தடை எழுப்பாமல் மௌனமாகக் கடந்துவிடும். மேலாளருக்குச் செய்தியே வராது. 1999இல் வி.எம்.வேர் நிறுவனத்தார் அத்தகைய ஆணைகளை ஓட்டத்தின்போதே கண்டு மாற்றி எழுதிச் சமாளித்தார்கள். சில்லையே திருத்தி, இதற்கென ஒரு தனி நிலையை இன்டெல் சேர்த்தது 2005இல்தான்.