கற்றாழை: ஒரு பெயர், மூன்று செடிகள்

பழைய மருத்துவ ஏடுகளைப் பதிப்பிப்பார்க்கு முதலில் எதிர்ப்படும் இடர், மூலிகைப் பெயர்கள் பொருள் மாறி வழங்குவதேயாகும். கற்றாழை இதற்குத் தக்க சான்று.

கல், தாழை என்னும் இரு சொற்கள் புணர்ந்து கற்றாழை ஆயின என்பர். தாழைபோல் நீண்டு ஓரத்தில் முள் கொண்ட மடலை நோக்கி எழுந்த பெயர் இது. வடிவு பற்றிய பெயராதலின், வேறு செடிகளும் பின்னர் இதனுள் அடங்கின.

முதலாவது சோற்றுக் கற்றாழை. மருத்துவ நூல்கள் குமரி என்பது இதனையே. பற்பம், செந்தூரம் ஆகியவற்றுக்குரிய சரக்குகளை இதன் சாறு விட்டு அரைத்துப் புடமிடுவர். இதன் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்பது இக்கால ஆய்வாளர் துணிபு. மடலின் மஞ்சள் நிறப் பாலை உலர்த்தினால் கரியபோளம் எனப்படும் மூசாம்பரம் கிடைக்கும். அத்தகைய சரக்கு தென் அரேபியத் துறையாகிய கானேயிலிருந்து ஏற்றுமதியானதைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய 'பெரிப்ளூஸ்' குறிக்கின்றது.

இரண்டாவது மருள். இது இந்நாட்டுச் செடி; சங்க நூல்களில் மரல் என்னும் தனிப்பெயரால் வருவது. இதன் நார் கயிறு திரிக்க உதவும். மருள் கற்றாழை என்பது பின்னை வழக்கு.

மூன்றாவது ஆனைக் கற்றாழை. அமெரிக்கச் செடியாதலின், கொலம்பசு கடல் கடந்த 1492க்கு முன் இது தமிழகத்தில் இருந்திருத்தல் இயலாது. இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாக நடப்பெற்றமையின் இதனை இரயில் கற்றாழை என்றும் வழங்குவர். தென்னிந்தியாவின் முதற் பயணியர் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856இல். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின் இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஆகவே இப்பெயர் காணப்படும் ஏட்டுப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதன்று எனத் துணியலாம்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. சோற்றுக் கற்றாழையின் மஞ்சள் பால் கடும் பேதியைத் தரும். எனவே அதனை வடித்து, சோற்றைப் பன்முறை கழுவிய பின்னரே உண்ணக் கொடுப்பர். ஆனைக் கற்றாழைச் சாற்றிலோ ஊசி போன்ற நுண்படிகங்கள் உள. அவை தோலை அரித்துப் புண்ணாக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கொண்டால் மருந்தே தீங்காகும்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் முதுநிலை மாணவர் பலர் பயில்கின்றனர். அவர்தம் கைக்குச் செல்லும் பதிப்புகளில் வெறுங் கற்றாழை என அச்சிடுதல் சாலாது. எச்செடி என்பதைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் தெளிவுறுத்தல் கடனாகும்.