கண்ணாடி வீட்டில் சொந்தச் செடி

1928ல் ரொபர்ட்டோ பூர்லெ மார்க்ஸ் பெர்லினுக்குப் போனபோது அவருக்கு வயது பத்தொன்பது. போனது கண் வைத்தியத்துக்கு. டாலம் என்ற இடத்திலுள்ள தாவரவியல் தோட்டத்தில், பனிக்கு அஞ்சிச் சூடேற்றி வைத்த கண்ணாடி வீடுகளில், பிரேஸில் நாட்டுச் செடிகள் நின்றன. ரியோ டி ஜெனிரோவில் அவர் வளர்ந்த பகுதியின் மலைச்சரிவுகளில் கேட்பாரற்று முளைத்துக் கிடந்த இனங்கள்தாம். ஊரில் அவற்றைக் காட்டுப் புதர் என்பார்கள், வெட்டிப் போடுவார்கள். பெர்லினில் அவற்றுக்குப் பெயர்ச்சீட்டு இருந்தது, காவலாள் இருந்தான். அங்கேதான் அவற்றை முதன்முதலாகப் பார்த்ததாக அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைத் தோட்டக்கலை பற்றியதாக மட்டும் எடுத்துக்கொள்ள நம்மால் முடியாது. ஏ. கே. ராமானுஜன் 1962ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், பழந்தமிழ் இலக்கணம் தேடப் போன இடத்தில், குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார். சொந்தப் பொருளை அந்நிய இடத்தில் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வது நம் தலைமுறைகள் பலவற்றின் அனுபவம். இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர்களை இன்றும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமா என்று யோசிக்கப் பூர்லெ மார்க்ஸின் வாழ்க்கை உதவும்.

ரியோவின் தோட்டங்களுக்குத் தனி வரலாறு உண்டு. நெப்போலியனுக்குத் தப்பிக் கப்பலேறிய போர்த்துகீசிய அரசவை 1808ல் அந்த நகரில் வந்திறங்கியது. அந்த ஆண்டே தாவரவியல் தோட்டம் போடப்பட்டது. 1809ல் அரசப் பிரதிநிதி தன் கையால் ஒரு கரீபியப் பனையை நட்டார். அதன் வாரிசுகள் பிரபுக்களின் வீட்டு வாசலில் இரட்டை வரிசையாக நிற்பது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. அந்த மூலப் பனை 1972ல் இடி விழுந்து பட்டது. பணக்காரர்களைப் பார்த்து நடுத்தர வர்க்கத்தாரும் ரோஜாப் பாத்தி, கத்தரித்த வேலி, நேர்கோட்டு நடைபாதை என்று ஐரோப்பாவை முன்வாசலில் நட்டுக்கொண்டார்கள். வெயிலும் உப்புக்காற்றும் உள்ள கடற்கரையில் இவற்றை உயிரோடு வைத்திருக்க ஓயாத தண்ணீரும் கூலியாளும் வேண்டும்.

பூர்லெ மார்க்ஸ்தான் முதல்வர் என்று சொல்வது தவறு. 1858ல் பிரான்ஸிலிருந்து வந்த கிளாஸியூ, சக்கரவர்த்தியின் தோட்ட அதிகாரியாக இருந்துகொண்டு, உள்நாட்டு மரங்களைக் காட்டிலிருந்து நகரப் பூங்காவுக்குக் கொண்டுவந்தவர். ஆனால் அவர் போட்ட பூங்காவின் இலக்கணம் பாரிஸுடையது. சொல் உள்நாட்டுச் சொல், வாக்கியம் பிரெஞ்சு வாக்கியம். பூர்லெ மார்க்ஸ் மாற்றியது வாக்கியத்தை.

அவருடைய முதல் தோட்டம் 1932ல் கோபகபானாவில் ஒரு வீட்டுக்காகப் போட்டது. வீட்டைக் கட்டியவர்கள் லூஸியோ கோஸ்தாவும் வார்ஷாவ்ஷிக்கும். இன்று அந்த வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. 1934ல் ரெஸிஃபே நகரப் பூங்காக்களின் பொறுப்பு அவரிடம் வந்தது. அடுத்த ஆண்டு அங்கே ஒரு சதுக்கத்தில் உள்நாட்டு வறண்ட பூமியின் கள்ளிகளைக் கொண்டுவந்து நட்டார். சதுக்கத்தின் பெயர் எவுக்ளீதெஸ் த குன்யா. 1897ல் அந்த வறண்ட பூமியில் கானுதோஸ் என்ற ஊரைக் குடியரசு ராணுவம் அழித்ததை 1902ல் புத்தகமாக எழுதியவர் அவர். கடலோர நகரத்துக் கனவான்கள் மாலை உலாவ வரும் இடத்தில், அவர்கள் மறக்க விரும்பிய பிரதேசத்தின் முட்செடி வந்து நின்றது. அழகுணர்ச்சி அரசியலாக மாற அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

கடலோர வெப்பத்தில் தோட்டம் போடுவதில் அவர் கண்டறிந்தவை எளிமையானவை. பருவங்கள் கூர்மையாகப் பிரியாத பூமியில் பூவை நம்பித் தோட்டம் போட முடியாது. பூ சில நாள் விருந்தாளி, இலைதான் ஆண்டு முழுவதும் இருப்பது. ஆகவே நிறத்தை இலையில் தேடினார். ஒவ்வொரு இனத்திலும் ஒன்றிரண்டு என்று காட்சிக்கு வைக்காமல், ஒரே இனத்தைப் பரப்பாக நட்டார். அப்போதுதான் நிறத்துக்கு விளிம்பு கிடைக்கிறது. மணலில் தண்ணீர் நிற்காது. உப்பு இலையில் படிந்து அதைக் கருக்கும். ஆனால் ரெஸ்டிங்கா எனப்படும் கடற்கரை மணல்வெளியின் செடிகள் இதற்கு ஏற்கனவே வழி கண்டிருந்தன. தடித்த, மெழுகு பூசிய இலை ஒரு வழி. அன்னாசிக் குடும்பத்துச் செடிகள் பலவும் இலைகளின் அடியைக் கிண்ணமாக்கி மழையைச் சேமித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் வாழத் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தோட்டக்காரனின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அவர் ஓவியரும்கூட. ரியோவில் கல்வி அமைச்சகக் கட்டிடத்தின் மாடித் தோட்டத்துக்கு 1938ல் அவர் தீட்டிய வரைபடத்தை அரூப ஓவியமாகவே சட்டம் போட்டு மாட்டலாம். விமர்சகர்கள் இதையே பிடித்துக்கொண்டு அவரைத் தரையில் ஓவியம் வரைந்தவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. ஓவியம் வண்ணம் காய்ந்ததும் முடிந்துவிடும். தோட்டமோ நட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது. தவிர, வரைபடம் மேலிருந்து பார்ப்பவனுக்கு. நடந்து போகிறவனுக்குத் தோட்டம் நிழலும் ஈரமும் திருப்பமுமாகத்தான் கிடைக்கிறது.

1949ல் அவரும் சகோதரரும் ரியோவுக்கு மேற்கே குவாரதிபாவில் ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். ஏறக்குறைய நாற்பது ஹெக்டேர். ஒரு பக்கம் மலைக்காடு, கீழே அலையாத்திக் காடும் கடற்கரையும். காடுகளில் அலைந்து சேகரித்த செடிகளை அங்கே வளர்த்தார். நகரில் இடித்த பழைய கட்டிடங்களின் கருங்கல்லை வாங்கிவந்து சுவர் எழுப்பினார். 1973லிருந்து அங்கேயே குடியிருந்து, 1985ல் பண்ணையை அரசுக்கு எழுதிக்கொடுத்து, 1994ல் இறந்தார். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே உள்ளன. 2021ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1967 முதல் 1974 வரை அந்த ஆட்சியின் கலாச்சாரக் குழுவில் பூர்லெ மார்க்ஸ் உறுப்பினர். பிரஸீலியாவில் ராணுவத் தலைமையகத்துக்கும் தோட்டம் அமைத்தார். அதே குழுவில் உட்கார்ந்துகொண்டுதான் காடு எரிக்கப்படுவதை எதிர்த்துத் திரும்பத் திரும்பப் பேசினார். அரசு அமேஸான் காட்டின் குறுக்கே நெடுஞ்சாலை போடக் கிளம்பிய காலம் அது. இவற்றில் ஒன்றால் மற்றதைக் கழித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பற்றும் வரவும் ஒரே பக்கத்தில் எதிரெதிராகத்தான் நிற்கும். கலைஞனின் கணக்கில் இருப்பு என்று ஒற்றைத் தொகை எழுதிவிடத் துடிப்பவர்கள் விமர்சகர்கள்தாம்.

சொந்தம் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமல்ல. நம் வீட்டு மதில்களில் தொங்கும் காகிதப்பூவை 1767ல் ரியோவில்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் தாவரவியலாளர் குறித்துக்கொண்டார். நம் கடற்கரை மணலில் காய்க்கும் முந்திரி பிரேஸிலிலிருந்து வந்தது. பதிலுக்கு நம் பலா அங்கே போய், ரியோவின் திஜூகா காட்டில் உள்நாட்டு மரங்களை நெருக்கும் தொல்லையாகப் பெருகியிருக்கிறது. பூர்லெ மார்க்ஸும் வெளிநாட்டுச் செடிகளைத் தீண்டாதவர் அல்ல. அந்த வெயிலில், அந்த மண்ணில் அது வாழுமா, பக்கத்துச் செடியோடு நிற்குமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

நாம் கேட்பதாகத் தெரியவில்லை. சென்னைக்குத் தெற்கே கடலோரச் சாலை வீடுகளில், மணலை வாரிவிட்டு லாரியில் செம்மண் கொட்டி, அதன்மேல் புல்தரை விரிக்கிறார்கள். அந்தப் புல் குடிக்கத் தண்ணீரும் லாரியில் வருகிறது. புன்னையும் தாழையும் ஞாழலும் நெய்தல் திணைக்கு உரியவை என்று பரீட்சையில் எழுதிய பிள்ளைகள் வளர்ந்து கட்டிய வீடுகள் இவை. சங்கப் புலவர்கள் கண்ட அடும்பு, ஆட்டுக்குளம்பு போல இலை பிளந்த அந்தக் கொடி, ரியோவின் மணல்மேடுகளிலும் படர்கிறது. அதன் விதை கடலில் மிதந்து கரை சேரும். அதைப் பதியம் போட்டுப் பரப்ப எந்த அரசனும் தேவைப்படவில்லை.

ஆகவே அந்நியக் கண்ணாடி வீட்டில் சொந்தச் செடியைப் பார்த்ததில் வெட்கப்பட ஏதுமில்லை. பார்த்தபிறகு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. பூர்லெ மார்க்ஸ் ஊர் திரும்பிக் காட்டுக்குள் போனார், தாவரவியலாளர்களிடம் பெயர் கற்றார், அறுபதாண்டுகள் மண்ணில் கை வைத்தார். நம்மில் பலர் கண்ணாடி வீட்டைப் பற்றியே கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். மண்வாசனைக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்கும் போகவில்லை, காட்டுக்கும் போகவில்லை.

ரியோவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய ஃப்ளமெங்கோ பூங்காவில் 1960களில் அவர் தாளிப்பனைகளை நட்டார். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம். குடைப்பனை என்றும் சொல்வோம். நம் பழைய ஏடுகளில் ஒரு பகுதி அதன் ஓலையில் எழுதப்பட்டது. பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒரு முறை உச்சியில் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவை பூத்தன. நட்டவர் இறந்து முப்பத்தொரு வருஷமாகியிருந்தது. நடும்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பூவைப் பார்க்கக் கிடைக்காது என்ற கணக்கு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.