ஆழ்வார்குறிச்சியில் நம் தெரு

ஆழ்வார்குறிச்சியைப் பற்றி எழுதப் புகுவோர் சிவசைலத்துக் கோயிலையும், இவ்வூரிற் பிறந்து பெருந்தொழிலதிபராய் விளங்கிய திரு. எஸ். அனந்தராமகிருஷ்ணன் அவர்களையும், பரமகல்யாணி என்னும் பெயர் தாங்கிய கல்வி நிலையங்களையும் குறித்துவிட்டு எழுதுகோலை வைத்துவிடுவர். அவை எழுதத்தக்கனவே. ஆயினும், இவ்வூரின் வயலில் இறங்கி நெல்லை விளைவித்த மக்களின் தெரு அவ்வரலாறுகளில் ஏறுவதில்லை. அதனை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடனா நதிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம். நம் தெருவின் பஞ்சாங்கமும் அவ்விரண்டே. நடவுக் காலத்தில் விடியுமுன் பெண்கள் வரிசையாகப் புறப்படுவர். தெருவில் எஞ்சுவோர் முதியோரும் குழந்தைகளுமே. "மதினி, பிள்ளையைப் பாத்துக்கிடுங்க" என்று ஒரு சொல் சொல்லிச் சென்றாற் போதும். எவர் வீட்டுப் பிள்ளையாயினும் அண்டை வீட்டுக் கஞ்சி அதற்கு உண்டு. கூலி நெல்லாக வந்த நாள்களில், நெல் வந்த வீடு வராத வீட்டுக்கு ஒரு படி அளந்து கொடுக்கும். அதற்குக் கடன் என்று பெயர், கணக்கெழுதியவர் எவருமில்லை. இதைக் கேட்டு அது பொற்காலம் என இளைஞர்கள் மயங்கிவிட வேண்டா. கூலி போதாமையினாலேயே அரைவயிற்றுக்காரர் அரைவயிற்றுக்காரரோடு பகிர்ந்துகொண்டனர்.

தெருவின் கடைசியில், நமக்கே துணி வெளுத்து, நம்மவரிடமே உரிய மதிப்புப் பெறாத புதிரை வண்ணார் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரே. இதனைச் சொல்லச் சிலர் தயங்குவர். சொல்லாமல் விட்டால் இது வரலாறு ஆகாது.

1903இல் இவ்வூர் வழியே இருப்புப்பாதை வந்தது. கட்டணம் செலுத்தியவர் எவராயினும் மூன்றாம் வகுப்பிற் பலகையில் அமரலாம். ஆனால் வண்டியை விட்டிறங்கி வீடு வரும் வழியில் அந்த உரிமை இல்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்றது. 1950இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதனைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. இவற்றுக்குப் பின்னரும், செருப்பைக் கையிலெடுத்துச் சுற்றுவழியே வீடு வந்ததை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டம் சென்னையிலிருந்து புறப்பட்டு நம் தெருமுனையை அடைய எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை அவர்களே அறிவர்.

வெளிச்சத்தின் கதையும் இத்தகையதே. பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணி நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்பெற்றது. அந்நீர் பாயும் வயல்களில் உழைத்தோர் குடிசைகளிலோ மண்ணெண்ணெய்ச் சிமினியே எரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம் வந்தது. முதலில் மின்விளக்குப் பெற்ற வீட்டில் மாலைதோறும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு கூடினர். வீட்டுக்காரப் பெரியம்மை எழுத்தறியாதவர். எனினும் பிள்ளைகள் எழுந்து போகும்வரை விளக்கை அணைக்கமாட்டார்.

அவ்விளக்கின் கீழேயே பெண்கள் பீடி சுற்றினர். வயல் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைத்தது இத்தொழிலே. இலையை நனைத்து, அளவாக நறுக்கி, மடியிலுள்ள சுளகில் தூளைப் பரப்பி, சுற்றி, நூல் கட்டி, முனை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. கடைக்காரர் கழித்துப் போட்டவற்றுக்குக் காசில்லை. நான்கைந்து வீட்டார் ஒரே திண்ணையில் அமர்ந்து சுற்றுவர். ஒருவருக்குக் கணக்குக் குறைந்தால் மற்றவர் ஐம்பது, நூறு சுற்றிச் சேர்ப்பர். பீடித் தொழிலாளர்க்கென 1966இல் சட்டம் வந்ததை அவருட் பலர் அறியார். நம் தெருவில் உயர்நிலைப் பள்ளி கண்ட முதல் தலைமுறையின் நோட்டுப் புத்தகங்கள் அந்தத் திண்ணைக் காசில் வாங்கப்பெற்றவை. நெஞ்சுச்சளியும் முதுகுவலியும் அத்தாய்மாரிடமே தங்கிவிட்டன.

அரசு தொகுப்பு வீடுகள் கட்டித் தந்தபின் நம் தெருவின் பெயர் 'காலனி' ஆயிற்று. குடும்ப அட்டையிலும் அஞ்சலிலும் அப்பெயரே. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன், கேளாமலே தன் சாதியை முகவரியில் எழுதிக் கொடுத்தான். 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2019 முதல் நம் ஊர் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டமையால், முகவரியில் மாவட்டத்தின் பெயரும் ஏற்கெனவே மாறிவிட்டது.

பழைய பெயரோடு வந்த தாள்களைப் பயனற்றவை என்று எவரும் எறிந்துவிட வேண்டா. வீட்டுமனைப் பட்டா, பீடிக்கடைப் பாஸ்புத்தகம், மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியவை எவரிடமிருப்பினும் நம் சங்கத்தில் காட்டிப் படியெடுத்துக்கொள்ள உதவுங்கள். மூலத்தை உடனே திருப்பித் தருவோம்.