எழுத்துக்கு முன் எண்

“தெரியாத எண்ணை எக்ஸ் என்று கொள்க” என்றதும் இளம் மாணவர் மருளுவது இயல்பே. அவ்வெழுத்து வழக்கு, பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்றது. சமன்பாட்டுக் கணக்கோ அதனினும் மிகப் பழமையானது.

கி.மு. 1550-ஐ ஒட்டி எகிப்திய எழுத்தர் ஆமெசு படியெடுத்த சுருளேட்டில் இவ்வாறு ஒரு கணக்கு உண்டு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அவ்வளவு யாது?

விடையை 7 என்று முதலில் பொய்யாகக் கொண்டனர். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டை 19 ஆக்கும் மடங்கால் ஏழையும் பெருக்கினர். விடை 16 5/8.

சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் 1980-களில் புகுந்த பட்டைப்பட முறையிலும் இக்கணக்கு எளிதே: ஏழு கட்டம் வரைந்து ஒன்று கூட்டினால், எட்டுக் கட்டம் 19, ஏழு கட்டமே விடை.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, அளவை முதலில் கண்ணுக்குக் காட்டுவோம். எழுத்து பின்னர் வரட்டும். அச்சமும் அகலும்.